ஒரு சென்டிமீட்டரில் அரை கிலோமீட்டர்: இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கும், பெங்களூரு குமாரசாமி லேஅவுட் அலுவலகத்தில் பணியாற்றும் அறிவியலாளர்களுக்கும், இந்த மாதம் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும் உங்கள் களப்பணியாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை. 31 வருடம் பெங்களூரில் பாடம் நடத்தினேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். மிச்சப் பேர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள். வருடம் தவறாமல் ஏழாம் வகுப்பை லால்பாக் பாறைக்குக் கூட்டிப்போவேன். கெம்பே கௌடா கோபுரத்தைச் சுமந்து நிற்கும் அந்தப் பாறையை நீங்கள் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்து, அதன் வயது 300 கோடி ஆண்டு என்று பலகை வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் பலகையைப் படிப்பார்கள், பாறையில் சறுக்குவார்கள், கடலைக்காய் வாங்கித் தின்பார்கள். ஒரு வருடம் ஒரு பையன் மட்டும் பலகையை விட்டு நகரவில்லை. "எப்படி மிஸ் தெரியும்? அப்போ யாருமே இல்லையே?" என்றான்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினேன். பாறைக்குள் சிர்கான் என்று மணல் மணியளவுப் படிகங்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் யுரேனியம் அடைபட்டிருக்கிறது, அது கணக்குத் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாகிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். அதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அடுத்த வாரம் வகுப்பில் படித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பையனின் கேள்விதான் இந்த மடலை எழுத வைக்கிறது. நீங்கள் கண்டறிவது யாருடைய காலுக்கடியில் இருக்கிறதோ, அவரிடம் அது அவருடைய மொழியில், உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃபில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். ஷிஃப்டு தொடங்கும்போது, வேலை நடக்கப்போகிற இடத்தின் கூரைப் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போயிருந்தால் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டதும் தட்டியவர் "வெளிய வா" என்று கத்துவார். கீழே நிற்பவர் ஓடிவிடுவார். கம்பி தட்டியதற்கும் ஆள் நகர்ந்ததற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம். ஆராய்ந்தவர், எச்சரித்தவர், எச்சரிக்கப்பட்டவர் எல்லாரும் ஒரே கூரைக்கடியில், ஒரே மொழியில் இருந்தார்கள். அப்பா இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

உங்கள் துறையின் பெயரைத் தமிழில் எழுதும்போதே ஒரு தடுமாற்றம் வருகிறது. செய்தித்தாள்கள் 'புவியியல் ஆய்வு மையம்' என்கின்றன. பள்ளிக்கூடத்தில் புவியியல் என்றால் ஜியாகிரபி. ஜியாலஜிக்கு நிலவியல், புவியமைப்பியல், மண்ணியல் என்று இடத்துக்கு ஒரு பெயர். நீங்கள் மழையளவையும் மாநிலத் தலைநகரங்களையும் ஆராய்கிறவர்கள் என்றே என் பிள்ளைகள் பலர் நினைத்திருந்தார்கள். நாலு பேர் எழுதுகிற வழக்கத்தை ஒட்டி நானும் தலைப்பில் புவியியல் என்றே எழுதியிருக்கிறேன். 1851-ல் தொடங்கிய துறை. தமிழில் நிலையான ஒரு பெயரை நீங்களே தேர்ந்து உங்கள் பலகையில் எழுதிவிட்டால், எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைப் பின்பற்றுவார்கள்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் மதிப்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ராவில் ஏறத்தாழ 3,000 டன் தங்கம் கிடைத்துவிட்டது என்று நாடே பேசியது. அப்போது நீங்கள் வெளியே வந்து, அப்படியில்லை, நாங்கள் மதிப்பிட்டது 52,806 டன் தாது, டன்னுக்கு 3.03 கிராம் வீதம் மொத்தம் 160 கிலோ தங்கம் என்று சொன்னீர்கள். தங்கவயல்காரர்களான எங்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. 120 வருடம் தோண்டி, 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, எத்தனையோ உயிர்களைக் கொடுத்து, 2001-ல் மூடப்படும் வரை தங்கவயல் தந்ததே ஏறத்தாழ 800 டன்தான். எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது குறைந்த எண்ணைச் சொல்ல நேர்மை வேண்டும். அன்றைக்கு அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

அதே தெளிவு ரியாசி லித்தியம் விஷயத்தில் இன்னும் உரக்க வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2023 பிப்ரவரியில், ஜம்மு-காஷ்மீரில் 59 லட்சம் டன் லித்தியம் தாது வளம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. அது ஜி3 என்ற நிலையிலான மதிப்பீடு. ஜி4 என்றால் முதல் நோட்டம், ஜி1 என்றால் விரிவாகத் துளையிட்டு உறுதிசெய்தது. நடுவே உள்ள படிகளில் எத்தனையோ வளங்கள் சுருங்கிப்போவதும் உண்டு, கல்லிலிருந்து லாபமாகப் பிரித்தெடுக்க முடியாமல் போவதும் உண்டு. இது உங்களுக்கு அரிச்சுவடி. ஆனால் தொலைக்காட்சி பார்த்த ஜனங்களுக்கு 59 லட்சம் மட்டும்தான் காதில் விழுந்தது. அந்த இடத்துக்கான ஏலம் போதிய ஆள் வராமல் ரத்தானது எத்தனை பேருக்குத் தெரியும்? எண்ணோடு சேர்த்து அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் ஒவ்வொரு அறிவிப்பிலும் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

எங்கள் ஊர்கள் உங்கள் வரலாற்றுக்குள்ளேயே இருக்கின்றன. 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் உங்கள் துறை அதிகாரி. 1894-ல் மைசூர் சமஸ்தானம் தனக்கென்று நிலவியல் துறை தொடங்கியபோது அதற்கு முதல் தலைவரும் அவர்தான். பரங்கிமலையின் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் உங்கள் துறையின் தாமஸ் ஹாலண்ட். உங்கள் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சைப் பகுதியில் பிறந்த தமிழர். பெரம்பலூர் சாத்தனூர் ஓடையில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை உலகுக்குச் சொன்னவரும் அவரே. இவ்வளவு உறவு இருந்தும், திருச்சியிலோ பெங்களூரிலோ ஒரு பெற்றோரிடம் போய் உங்கள் துறையின் ஆங்கிலச் சுருக்கமான ஜி.எஸ்.ஐ. என்ற பெயரைச் சொன்னால் யார் முழிக்காமல் பதில் சொல்கிறார்கள்?

இனி என் நெஞ்சை அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் நாலு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள். அந்த மலையில் மின்சாரமும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி வந்தது. தங்கவயலில் நாங்கள் லைன் வீடு என்று சொன்னதைத்தான் தேயிலைக் காட்டில் லயம் என்கிறார்கள். ஒரே ஆங்கிலச் சொல், ஒரே மாதிரி நீள வரிசை, ஒரே ஜனங்கள். தங்கவயலில் பூமி ஆட்டம் கொடுத்தால் பாத்திரங்கள் உருளும், உள்ளே எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது என்று அம்மா வாசலுக்கு ஓடிவந்து ஷாஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நினைவோடுதான் பெட்டிமுடிச் செய்தியைப் படித்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நிலச்சரிவு ஆய்வுக்கு 2004 முதல் இந்த நாட்டில் பொறுப்பான துறை உங்களுடையது. 2014-ல் தொடங்கி, நிலச்சரிவு ஏற்படக்கூடிய ஏறத்தாழ 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் மலைப்பகுதிக்கும் வரைபடம் போட்டு முடித்திருக்கிறீர்கள். சாதாரண வேலை இல்லை. அட்டையும் முள்ளும் சரிவும் கடந்து ஒவ்வொரு பழைய சரிவையும் குறித்தவர்களின் கால்களை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் அந்த வரைபடத்தின் அளவு 1:50,000. இருபது வருடம் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கு இது: வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரை கிலோமீட்டர். 50 மீட்டர் நீளமுள்ள ஒரு லயம் அதில் ஒரு மில்லிமீட்டர். பேனா முனை வைத்தால் மறைந்துவிடும். அந்த வரைபடத்தில் ஒரு மலைப்பக்கம் முழுக்க ஆபத்து என்று சிவப்பாக இருக்கலாம், ஆனால் இந்த லயமா அடுத்த லயமா, ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. தெரிய வேண்டியவருக்கோ அது மட்டும்தான் தெரிய வேண்டும்.

1:10,000 அளவில் வரைந்தால் அதே லயம் அரை சென்டிமீட்டர் ஆகிவிடும். ஓடையும் தெரியும், மேலே வெட்டிய ரோடும் தெரியும், ரோட்டுக்காக அடிவயிற்றை அறுத்த சரிவும் தெரியும். இந்த விரிவான அளவிலும் நீங்கள் வேலை தொடங்கியிருக்கிறீர்கள். எந்த இடத்தை முதலில் எடுப்பது என்பதில்தான் என் வேண்டுகோள். மூணாறு, வால்பாறை, நீலகிரி, வயநாடு, குடகு: சிவப்புக்குள் எங்கெல்லாம் லயமும் ஹட்டி எனப்படும் படுகர் ஊரும் பழங்குடிக் குடியிருப்பும் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். நெடுஞ்சாலைக்கும் அணைக்கும் கேட்க ஆள் உண்டு. லயத்துக்குக் கேட்க யாரும் இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஒரே வாரத்துக்குள் 40-க்கும் மேற்பட்டவர்களை மண் மூடியதை ஊட்டி, குன்னூர்ப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை.

2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. சரியாக 11 நாள் கழித்து, ஜூலை 30 விடியுமுன் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. இறந்தவர்கள் 250-க்கும் மேல். முன்கூட்டியே எச்சரித்தோம் என்று மத்திய அரசு சொன்னது. அந்த நாளுக்கு உங்கள் துறை கொடுத்தது, ஆபத்து குறைவு என்று பொருள்படும் பச்சை நிற அறிவிப்புதான் என்று கேரள முதலமைச்சர் சொன்னார். அந்தச் சண்டையில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மழை முன்னறிவிப்பை எடுத்து, எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு தாங்காது என்ற எல்லையோடு ஒப்பிட்டுச் சொல்கிற முறை இது. மலையில் ஒரு பக்கம் கொட்டி மறுபக்கம் தூறும் மழையில் தவறு நேரத்தான் செய்யும். ஆனால் தவறு நேர்ந்த நாளை நீங்களே எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் ஒரு கணக்கு வெளியிடுங்கள்: இத்தனை நாள் எச்சரித்தோம், இத்தனை நாள் சரிந்தது, இத்தனை நாள் நாங்கள் பச்சை காட்டியிருந்தபோது சரிந்தது. சோன்பத்ராவில் 160 கிலோ என்று சொன்ன துறைக்கு இதைச் சொல்ல முடியாதா?

அதைவிட முக்கியம் கடைசிப் படி. கொல்கத்தாவிலிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது, சரி. அங்கிருந்து, கரண்ட் போன மலையில், டவர் செத்த ராத்திரியில், லயத்துக் கதவைத் தட்டுவது யார்? போனில் செயலி கொடுத்திருக்கிறீர்கள். பெட்டிமுடி ராத்திரியில் அது எப்படி வேலை செய்திருக்கும்? தேயிலைத் தோட்டங்களில் தினம் மழை அளந்து நோட்டில் எழுதும் பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அந்த அளவைப் பார்த்து, இவ்வளவுக்கு மேல் போனால் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போ என்று ஒரே ஒரு எண்ணை ஒவ்வொரு லயத்துக்கும் நீங்கள் நிர்ணயித்துக் கொடுக்கலாம். அதை அங்கே வாழும் ஒரு பெண்ணிடம், தமிழில், சுவரில் ஒட்டிவைக்கிற மாதிரி கொடுங்கள். தொழிற்சாலைச் சங்கை ஊதச் சொல்லும் அதிகாரத்தையும் அவருக்கு வாங்கிக் கொடுங்கள். என் அப்பா சொன்ன இரும்புக் கம்பி இதுதான்.

இரண்டாவது விஷயம் மதுரைப் பக்கத்தது. என் கணவரின் ஊர் மேலூருக்கு அருகில். 2024 நவம்பரில் என் கொழுந்தனார் மகள் போன் செய்தாள். "பெரியம்மா, நீங்க டீச்சர்தானே, டங்ஸ்டன்னா என்ன? அரிட்டாபட்டியில இருக்குதாம்ல. ஜி.எஸ்.ஐ.ன்னு பேப்பர்ல போட்ருக்காக, அது யாரு பெரியம்மா?" பல்புக்குள் இருக்கும் இழை, கடினமான வெட்டுக் கருவிகள், குண்டுகள் என்றெல்லாம் சொன்னேன். அதன் தாதுக்களில் ஒன்றான ஷீலைட்டை இருட்டில் புற ஊதா விளக்கு அடித்துத் தேடுவார்கள், அது நீலமாக ஒளிரும் என்றும் சொன்னேன். அவளுக்கு அதில் ஆர்வம்கூட வந்தது. "அப்ப எங்க மலை ராத்திரியில மினுங்குமா?" என்றாள். பிறகு சட்டென்று அழுதுவிட்டாள். ஊர் போய்விடும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2,015 ஹெக்டேர். நீங்கள் தயாரித்த அறிக்கை 2021 செப்டம்பரில் மாநில அரசிடம் கொடுக்கப்பட்டதாகச் சுரங்க அமைச்சகமே பின்னர் சொன்னது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏழு குன்றுகள், சமணப் படுகைகள், தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், பாறையிடுக்குகளில் ஊறும் சுனைகள், வல்லூறுகள். 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. அப்போதுதான் மேலூர் வட்டாரமே விழித்துக்கொண்டது. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்று மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கான விவசாயிகளின் பேரணி, ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

ஏலம் விடுவது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்லைப் பார்த்து உண்மையை எழுதுவதோடு உங்கள் வேலை முடிகிறது என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. அறிக்கை கையெழுத்தானதற்கும் ஊருக்குத் தெரிந்ததற்கும் நடுவே மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில், அந்தக் கல்லின்மேல் ஆடு மேய்க்கிறவருக்கு, அதன் சுனையில் தண்ணீர் எடுக்கிறவருக்கு, இந்த மலையில் இன்னது இருக்கலாம், இது முதல் நோட்டம்தான், எடுப்பார்கள் என்று முடிவாகவில்லை என்று தமிழில் இரண்டு பக்கம் சொல்லியிருந்தால், பயம் வதந்தியாகப் பரவியிருக்காது. அவர்கள் எதிர்த்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எதிர்த்திருப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தப் பேச்சு 2021-லேயே, கிராம சபையில், விவரம் தெரிந்து நடந்திருக்கும். உங்கள் அறிக்கையிலும் சுனையும் படுகையும் வல்லூறும் இடம்பெற வழி பிறந்திருக்கும். சுனையும் கல்லின் வேலைதானே? மேலே விழும் மழை எந்த விரிசல் வழியாக இறங்கி எந்த இடுக்கில் ஊறுகிறது என்று உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்தை 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏற்றது. 2030-31 வரைக்குமான காலத்தில் 1,200 ஆய்வுத் திட்டங்கள் உங்கள் தலையில். நாட்டுக்கு லித்தியமும் கோபால்ட்டும் அரிய மண் தனிமங்களும் தேவை என்பதை மறுக்கும் ஆள் நான் இல்லை. சுரங்கச் சோற்றில் வளர்ந்தவள், சுரங்கமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 1,200 இடம் என்றால் 1,200 ஊர்ப் பக்கம். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண் யாரோ ஒரு பெரியம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருக்கக் கூடாது. களப் பருவம் தொடங்கும் முன் ஊராட்சிக்கு அந்த ஊர் மொழியில் ஒரு தாள், அறிக்கை ஒப்படைக்கும் அன்றே அதே மொழியில் ஒரு சுருக்கம். இதற்கு விமானமோ கணினியோ வேண்டாம்.

விமானமும் கணினியும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் அலுவலகத்தின் வான்வழி ஆய்வுப் பிரிவு, மண்ணுக்கடியில் புதைந்த பாறையின் காந்தத்தை மேலே பறந்தபடியே அளக்கிறது என்று முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2023 டிசம்பரில் தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியம் திறந்து, பல்லாண்டுத் தரவுகளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வைத்தது பெரிய காரியம். ஆனால் அதை எடுத்துப் படிக்கத் தெரிந்தவர் யார்? சுரங்க நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் நிலவியலாளர் படிப்பார். ஊராட்சித் தலைவர் படிக்க மாட்டார். எல்லாருக்கும் திறந்த கதவு வழியாக ஒரு தரப்பு மட்டும் உள்ளே போய்வருமானால், கதவு திறந்த பிறகும் ஊர் வெளியில்தான் நிற்கிறது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2024 கோடையில் பெங்களூரு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் இருந்த இரண்டு போர்வெல்லும் வற்றின. தேங்காயை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் காட்டிய இடத்தில் 1,100 அடி போட்டார்கள். கல் தூள்தான் வந்தது. லால்பாக் பாறையின் தொடர்ச்சிதான் எங்கள் காலடியிலும் இருக்கிறது. நைஸ் (gneiss) என்ற அந்தக் கெட்டிப் பாறைக்குள் நீர் தேங்க இடமில்லை. மேலே மக்கிய மண்ணிலும் உள்ளே ஓடும் விரிசலிலும்தான் உண்டு. விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் 1972-ல் உங்கள் நிலத்தடி நீர்ப் பிரிவைப் பிரித்து மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோடு சேர்த்துவிட்டார்கள். இன்றைக்குப் பாறை ஒரு அமைச்சகம், பாறை விரிசலில் இருக்கும் தண்ணீர் இன்னொரு அமைச்சகம். வார்டுக்கு ஒரு தாளாக, இங்கே போர் போட்டால் பணம் வீண், இங்கே மழைநீரை இறக்கினால் பயன் என்று இரண்டு துறையும் சேர்ந்து ஏன் தரக் கூடாது? தேங்காய்க்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவுக்கு வந்த ஒரே ஆள் அவர்தான்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலவியல் திட்டக் குழு இருக்கிறது. அடுத்த களப் பருவத்தில் எங்கே என்ன ஆய்வு என்று துறைகளும் நிறுவனங்களும் அங்கேதான் கேட்கின்றன. அந்தக் கூட்டத்தில் மலை மாவட்ட ஊராட்சிகளுக்கும் தோட்டத் தொழிற்சங்கங்களுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். தேர்வாணையம் வழியாகச் சேரும் இளம் நிலவியலாளர்கள், தாங்கள் வேலை பார்க்கப்போகும் மலையின் மொழியைப் பேசக் கற்கும்படி ஹைதராபாத் பயிற்சி நிலையத்தில் ஆறு வாரம் சேருங்கள். உங்கள் கேம்ப்பில் சம்மட்டி தூக்கி, வழி காட்டி, சோறாக்கிப் போடும் உள்ளூர் ஆளின் பெயரையும் அறிக்கையில் போடுங்கள். எந்த ஓடை எந்த வருடம் தடம் மாறியது என்று அவர் சொல்லித்தான் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற பதில் வரலாம் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். நானும் என்னைப் போல் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளும் இருக்கிறோம். ஒருவர் கன்னடத்தில் எழுதுவார், இன்னொருவர் நீலகிரியில் பிறந்து படுக மொழி பேசி வளர்ந்தவர். சம்பளம் வேண்டாம். ஒரு நிலவியலாளர் வாரம் ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து, எங்கே தவறாக எழுதியிருக்கிறோம் என்று திருத்தித் தந்தால் போதும். நாயக்கர்பட்டி அறிக்கையில் தொடங்கலாம். ஏலம் ரத்தானாலும் அந்த மலையில் என்ன இருக்கிறது என்று என் கொழுந்தனார் மகள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அடுத்து, நீலகிரியில் ஏதாவது ஒரு ஹட்டியின் நிலச்சரிவு வரைபடம், இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்.

லால்பாக்கில் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பாறையின் கிழக்குப் பக்கம் உட்கார்ந்திருப்போம். சிர்கான் பற்றி எழுதிய பழைய நோட்டையும் கொண்டுவருவேன். அதிலும் திருத்த வேண்டியது இருக்கும்.

இப்படிக்கு,
தங்கவயலில் பிறந்து பெங்களூரில் வாழும் ஓர் ஆசிரியை